பூ உதிர்ந்த பிறகு

(மேனாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, நீங்க இருபது நிமிஷம் பேசணும். தலைப்பு உங்க இஷ்டம். அறிவுரை மட்டும் வேண்டாம், பிள்ளைங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவனிடம் அறிவுரை வேண்டாம் என்று சொன்னால் மிச்சம் என்ன இருக்கும்? செடிதான் இருக்கும். ஆகவே செடியைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

காலையில் பந்தலுக்கு வருவதற்கு முன்னால் விடுதிக்குப் பின்புறம் உள்ள காலியிடத்தில் ஒரு மணி நேரம் நடந்தேன். என் வேட்டிக் கரையைப் பார்த்தாலே தெரியும். நாயுருவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது மாசி மாதம். ஐப்பசி கார்த்திகை மழையில் முளைத்து, மார்கழி தையில் பூத்த செடிகள் எல்லாம் இப்போது காய்ந்து நிற்கின்றன. போகிற வழியில் ஒரு மாணவத் தம்பி, "சார், அங்க ஒண்ணும் இல்ல சார், வெறும் காய்ஞ்ச குச்சிதான்" என்றார். அந்தக் குச்சிகளில் கொஞ்சத்தைத்தான் இந்தக் காகித உறையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அவை குச்சிகள் அல்ல, முகவரிச் சீட்டுகள். அதை வாசிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கல்லூரி. எளிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, இரண்டு மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்தது.

நான் இங்கே இளநிலைத் தாவரவியல் படித்தது 1979 முதல் 1982 வரை. இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் வைத்திருந்தார்கள். ஒரு தட்டில் காய்ந்துபோன ஒரு காய். சின்ன வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக அடுக்கிய பிளவுகள், மேலே மெல்லிய ரோமம். பூ இல்லை, இலையும் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் "ஊமத்தை" என்று எழுதிவிட்டு வந்தேன். வெளியே வந்த பிறகு நண்பன் சொன்னான், "டேய், அது துத்திடா."

துத்தி எனக்குத் தெரியாத செடியா? எங்கள் வீட்டு வேலியோரம் நின்ற செடி. மஞ்சள் பூ எனக்குத் தெரியும். இலையை விளக்கெண்ணெயில் வதக்கி, மூலத்துக்கு நல்லது என்று அப்பாவுக்கு அம்மா வைப்பது தெரியும். அதன் காயை மட்டும் நான் பார்த்ததே இல்லை. பார்த்ததே இல்லை என்று சொல்வது தப்பு. தினமும் கண் முன்னால்தான் இருந்தது. நான் கவனித்ததில்லை.

முடிவு வந்த பிறகு எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஏம்பா, கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளைக் கோலத்துல பார்த்த ஆளை, மறுநாள் துண்டும் வேட்டியுமா கிணத்தடியில பார்த்தா யாருன்னு கேப்பியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சித்திரை வெயிலில், எங்களில் ஆறு பேரை அதே விடுதிப் பின்புறத்துக்கு அழைத்துப் போனார். ஒரு செடியும் பூக்காத நேரம். அன்று அவர் எங்களுக்குப் பெயர்களை மனப்பாடம் செய்விக்கவில்லை. ஒவ்வொரு காய்ந்த செடியிடமும் ஐந்து கேள்வி கேட்கச் சொன்னார். அந்த ஐந்தைத்தான் இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

முதல் கேள்வி: காய் செடியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

இதோ, தும்பை. வெள்ளைப் பூ போய்விட்டது. ஆனால் தண்டில் கணுவுக்குக் கணு உருண்டை உருண்டையாக ஒரு திரட்சி நிற்கிறது பாருங்கள். தண்டு அந்த உருண்டையின் நடுவே ஊடுருவிப் போகிறது, மணி கோத்த மாதிரி. ஒவ்வொரு உருண்டையும் பல சின்னக் கிண்ணங்களால் ஆனது. அவை பூவின் புல்லி வட்டம், வாய் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினால் விதை விழும். முழுக் கணக்கு, கிண்ணத்துக்கு நான்கு. துளசியின் காய்ந்த கதிரைத் தட்டிப் பாருங்கள், அங்கும் கணக்கு நான்குதான். பேய்மிரட்டியிலும் நான்கு. இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று சொல்ல வாசனையும் வேண்டாம், பூவும் வேண்டாம். இதே மாதிரி உருண்டை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக, தொட்டால் முள்ளாகக் குத்துகிறதா? அப்படியானால் அது ரணபேரி. ஆள் உயரத்துக்கு நிற்கும். ஆரஞ்சு நிறப் பூ பூத்து முடிந்த செடி.

நாயுருவியில் உருண்டை கிடையாது, நீண்ட கதிர். காய்கள் தண்டோடு ஒட்டித் தலைகீழாகத் தொங்கும். கதிரைக் கீழிருந்து மேலாக உருவினால் கையில் குத்தும், மேலிருந்து கீழாக உருவினால் வழுக்கும். இருட்டில்கூட விரலால் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி: காய் எப்படித் திறந்தது?

மாணவர்களே, இது மிக முக்கியமான கேள்வி. காயை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். எருக்கங்காய் ஒரே ஒரு பக்கம்தான் பிளக்கும். உள்ளே பட்டுப் பஞ்சு கட்டிய விதைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். வேலிப்பருத்தியும் அப்படித்தான், ஒரு பக்கப் பிளவு, உள்ளே பஞ்சு. ஆனால் காயின் மேல் மெத்தென்ற முட்கள் இருக்கும், நுனி அலகு மாதிரி கூராக இருக்கும். நன்னாரிக் கொடியிலும் ஒரு பக்கப் பிளவு, பஞ்சு விதை. காய் மட்டும் பென்சிலைவிட மெலிந்து நீண்டு, இரட்டை இரட்டையாக எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று புதர், இரண்டு கொடி. பூவைப் பார்த்தால் மூன்றும் மூன்று விதம். காயைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று தெரிந்துவிடும்.

கொழுஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் காய் இரண்டு பக்கமும் பிளந்து, இரண்டு ஓடும் முறுக்கிக்கொண்டு நிற்கும். அவரை, துவரை, குன்றிமணி எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். ஒரு பக்கம் பிளந்தால் எருக்குப் பக்கம் போய்த் தேடு, இரண்டு பக்கம் பிளந்தால் அவரைப் பக்கம் போய்த் தேடு என்பார் எங்கள் சார். எல்லாச் செடிக்கும் இந்த விதி பொருந்தாது. இருந்தாலும் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. ஈஸ்வரமூலிக் கொடியின் காய் கீழ்ப்பக்கத்திலிருந்து, காம்புப் பக்கமாகத் திறக்கும். காம்பும் ஆறு இழையாகப் பிரிந்துவிடும். பிறகு அது தலைகீழாகத் தொங்கும் உறி மாதிரி இருக்கும். காற்று அசைக்கும்போது தட்டையான விதைகள் ஒவ்வொன்றாகச் சரியும். ஒரு முறை பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

மூன்றாவது கேள்வி: பூவின் மிச்சம் ஏதாவது இருக்கிறதா?

நல்வேளை, நாய்வேளை என்று இரண்டு செடிகள். பூத்திருக்கும்போது சண்டையே இல்லை, நல்வேளை வெள்ளை, நாய்வேளை மஞ்சள். காய்ந்த பிறகு இரண்டிலும் கடுகுக் காய் மாதிரி நீண்ட காய், உள்ளே கருத்த சின்ன விதை. எப்படிப் பிரிப்பது? காம்பைப் பாருங்கள். நல்வேளையில் காம்பு முடிந்த பிறகு இன்னொரு காம்பு இருக்கும், அதன் உச்சியில்தான் காய். இதழும் மகரந்தத் தாளும் இருந்து உதிர்ந்த தழும்புகள் வழியில் தெரியும். நாய்வேளையில் அந்த இரண்டாவது காம்பு கிடையாது. காய் நேரே உட்கார்ந்திருக்கும். உதிர்ந்த பூ தன் தழும்பை விட்டுவிட்டுத்தான் போகிறது.

நான் தேர்வில் எழுதிவிட்டு வந்த ஊமத்தைக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். ஊமத்தங்காய் உருண்டை, மேலெல்லாம் குட்டையான முட்கள், தலை குனிந்து நிற்கும். காயின் அடியில் ஒரு சின்னத் தட்டு மாதிரி வட்டம் இருக்கும். அது புல்லி வட்டத்தின் மிச்சம். காய்ந்ததும் ஒழுங்கான பிளவு எதுவும் இல்லாமல் கண்டபடி உடையும். துத்திக்கும் இதற்கும் ஒட்டு உறவே இல்லை. இரண்டு மதிப்பெண் போனது நியாயம்தான்.

"மருளூமத்தை" என்று இன்னொன்று உண்டு. பெயரில் ஊமத்தை இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அதன் காய் கொக்கி முட்கள் சூழ்ந்த முட்டை மாதிரி இருக்கும், முனையில் இரண்டு கொம்பு. ஆட்டு ரோமத்தில் ஒட்டி ஊர் ஊராகப் போகும். அது சூரியகாந்திக் குடும்பம். பெயர் ஏமாற்றினாலும் காய் ஏமாற்றாது.

நான்காவது கேள்வி: விதை எப்படிப் பயணம் போகிறது?

எருக்கு காற்றில் போகிறது. தாத்தாப்பூ என்று பிள்ளைகள் விளையாடும் வெட்டுக்காயப் பூண்டும் காற்றில்தான் போகிறது. நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும் அதன் விதைத் தலை, வெள்ளைக் குஞ்சம் மாதிரி விரிந்திருக்கும். நாயுருவியும் மருளூமத்தையும் துணியில் ஒட்டிக்கொண்டு போகின்றன. நெருஞ்சி காலில் குத்திக்கொண்டு போகிறது.

நெருஞ்சி என்றதும் ஒரு ஜோடியைச் சொல்ல வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் சிறுநெருஞ்சில், பெருநெருஞ்சில் என்று இரண்டு கேட்பார்கள். பெருநெருஞ்சிலைத்தான் யானை நெருஞ்சி என்கிறோம். இரண்டுக்கும் மஞ்சள் பூ, இரண்டுக்கும் முள் காய். ஆனால் சிறுநெருஞ்சியின் காய் ஐந்து துண்டாக உடையும், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்ளும் இரண்டு சின்ன முள்ளும் இருக்கும். யானை நெருஞ்சியின் காய் உடையாது. அடியில் நாலு மூலைக்கு நாலு முள் வைத்த சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும். அது எள்ளுக் குடும்பம். அதன் பச்சை இலையைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் வழவழவென்று கெட்டியாகிவிடும். சிறுநெருஞ்சி அப்படிச் செய்யாது.

வெடித்துப் போகிற விதையும் உண்டு. பட்டாசுக்காயை விளையாடாதவர்கள் இந்தப் பந்தலில் யாராவது இருக்கிறீர்களா? ஊதாப் பூ பூக்கும் செடி, கிழங்கு வேர். மத்திய அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்து நம் பள்ளிக்கூட மைதானங்களில் குடியேறிவிட்டது. காய்ந்த காயின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் ஒட்டு இளகி, இழுத்துக் கட்டிய ஓடு இரண்டும் பட்டென்று விலகும். விதை தெறிக்கும். நனைந்த விதையைத் தொட்டுப் பாருங்கள், வழவழப்பான உறை கட்டியிருக்கும். மழை வந்த அன்றே வெடிக்க வேண்டும், விழுந்த இடத்தில் மண்ணோடு ஒட்ட வேண்டும் என்று அந்தச் செடி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நாங்கள் அதை வகுப்பில் முன் பெஞ்சுக்காரன் சட்டைக்குள் போட்டோம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு வங்கி மேலாளர் அதற்குச் சாட்சி.

ஐந்தாவது கேள்வி: கையும் காதும் என்ன சொல்கின்றன?

முடக்கத்தான் காயைக் கையில் எடுத்தால் காகிதப் பலூன். உடைத்தால் மூன்று அறை, அறைக்கு ஒரு கருப்பு விதை. விதையின் மேல் வெள்ளையாக ஓர் இதயம் வரைந்திருக்கும். இதய விதை என்ற பொருளில்தான் அதற்குக் கார்டியோஸ்பெர்மம் என்று பெயரே வைத்தார்கள். காதுக்கு ஓர் உதாரணம் கிலுகிலுப்பை. உப்பிய காய், உள்ளே விதைகள் கழன்று உருளும். காற்றடித்தால் செடியே கிலுகிலு என்னும். பூவைப் பார்த்து வைத்த பெயரல்ல, காய்ந்த காயின் சத்தத்தைக் கேட்டு வைத்த பெயர். நம் முன்னோர்கள் செடியை எந்தப் பருவத்தில் கவனித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த ஐந்து கேள்வியும் பேராசிரியரின் சொந்தச் சரக்கு அல்ல. 1915-இல் தொடங்கி 1936-இல் நிறைவடைந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூல் நம் துறை நூலகத்தில் இருக்கிறது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ 1980களில் பல தொகுதிகளாகக் கொண்டுவந்த நூலையும் நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். பல குடும்பங்களில் காயும் விதையும் இல்லாமல் இனத்தை உறுதிசெய்ய முடியாது என்பது அவற்றைப் புரட்டினாலே தெரியும்.

"சரி சார், தெரிஞ்சுக்கிட்டு என்ன ஆகப் போகுது?" என்று நீங்கள் மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இரண்டு பதில் வைத்திருக்கிறேன். ஒன்று ஊருக்கு, இன்னொன்று இந்தக் கல்லூரிக்கு.

ஊருக்கான பதில் இதோ, இந்தக் காயில் இருக்கிறது. பிரம்மதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். மஞ்சள் பூ, முள் இலை. காய் காய்ந்ததும் உச்சியில் மட்டும் சின்னச் சின்ன வாயாகத் திறக்கும். பன்னீர்ச் செம்பு மாதிரி, ஆட்ட ஆட்ட விதை தெளிக்கும். இந்த விதையை உள்ளங்கையில் கொட்டினால் கடுகு என்றுதான் சொல்வீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் மேல்தோலில் வலை பின்னிய மாதிரிக் குழிகள் எடுப்பாகத் தெரியும். இதன் எண்ணெய் விஷம். அது கடுகெண்ணெயில் கலந்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் பலவீனப்படும். 1998-இல் டில்லியில் அப்படிக் கலந்த எண்ணெயைச் சாப்பிட்டு ஏறத்தாழ 3000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எண்ணெயான பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. விதையாக இருக்கும்போது பிரிக்கலாம். களத்தில் செடியாக, காயாக நிற்கும்போது இன்னும் எளிதாகப் பிரிக்கலாம். ஆகவே இன்று நான் காட்டிய எந்த விதையையும் யாரும் வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். பட்டாசுக்காயை வெடிக்க எச்சில் வேண்டாம், தண்ணீர் போதும்.

கல்லூரிக்கான பதிலைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அது நான் செய்த தப்பு.

2011-ஆம் ஆண்டு விழாவுக்கு முன்னால் வளாகத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பைச் சங்கம் என்னிடம் கொடுத்தது. தாவரவியல் ஆசிரியர் ஆயிற்றே! விடுதிப் பின்புறத்தில் பார்த்தீனியம் மண்டியிருந்தது. 1950களின் நடுவில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவி, தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் தருகிற செடி. பிடுங்கியே தீர வேண்டும் என்று கிளம்பினேன். நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகள் நாற்பது பேரை நிறுத்தி, எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னேன். இதே மாசி மாதம். பிடுங்கிய செடிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, நடைபாதை வழியாக இழுத்துக்கொண்டு போய் மதிலோரம் கொட்டினோம். இடம் பளிச்சென்று ஆகிவிட்டது. மேடையில் எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

அடுத்த மழைக்கு வந்து பார்த்தேன். நாங்கள் கட்டுகளை இழுத்துப் போன பாதை நெடுக, கோடு கிழித்த மாதிரி, பார்த்தீனியம் முளைத்திருந்தது. அதுவரை அது இல்லாத இடத்தில் எல்லாம் நானே விதைத்திருக்கிறேன். அந்தச் செடியின் குண்டூசித் தலை அளவுப் பூந்தலை ஒவ்வொன்றிலும் பொதுவாக ஐந்து விதை. ஒரு செடியில் அப்படி ஆயிரக்கணக்கான தலைகள். பூக்கும் முன் பிடுங்க வேண்டிய செடியை விதை முற்றிய பிறகு பிடுங்கினால் அது களையெடுப்பு அல்ல, விதைப்பு. செடி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று நின்று பார்க்காமல், "எல்லாத்தையும் பிடுங்கு" என்று சொன்னவன் நான்.

இதில் இன்னொரு பாதியும் இருக்கிறது. பார்த்தீனியத்தோடு சேர்த்துத் தும்பை, கிலுகிலுப்பை, கொழுஞ்சி எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம். இவற்றில் பல ஒரு பருவச் செடிகள். சித்திரை முதல் புரட்டாசி வரை அவை செடியாக இருப்பதில்லை, மண்ணுக்குள் விதையாக மட்டுமே இருக்கின்றன. விதை விழுவதற்கு முன்னால் செடியை அப்புறப்படுத்தினால், அந்த வருடத்து வரவு இல்லை. அதையே வருடா வருடம் செய்தால் மண்ணில் இருக்கும் சேமிப்பும் கரைந்துவிடும். 2011-க்குப் பிறகும் விழாவுக்கு விழா அதே மாசி மாதத்தில் சுத்தம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது மண்வெட்டிக்குப் பதில் ஜே.சி.பி. வருகிறது.

நான் படித்த காலத்தில் விடுதிக் கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கிலுகிலுப்பை அடர்ந்து நிற்கும். நீலப் புள்ளி வண்ணத்துப்பூச்சிகள் அதன்மேல் கூட்டமாக மொய்க்கும். அந்தச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருளுக்காகத்தான் ஆண் பூச்சிகள் வருகின்றன என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மாலையில் காற்றடித்தால் விடுதி வராந்தாவிலேயே அந்தக் கிலுகிலுச் சத்தம் கேட்கும். இன்று காலை அந்த இடத்தை மூன்று சுற்றுத் தேடினேன். பத்தொன்பது வகைச் செடிகளைக் காய்ந்த நிலையில் எண்ணினேன். கிலுகிலுப்பை ஒன்றுகூட இல்லை.

ஆகையால் முதல்வர் அவர்களிடமும் சங்கத்தாரிடமும் இரண்டு வேண்டுகோள்.

முதலாவது: விடுதிக் கிணற்றிலிருந்து மதில் வரை உள்ள அந்தத் துண்டு நிலத்தைப் பங்குனி முடியும் வரை யாரும் தொட வேண்டாம். பாம்பு வரும் என்ற பயம் நியாயமானது. விடுதிச் சுவரையும் நடைபாதையையும் ஒட்டி அகலமாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். மற்ற இடத்தில் விதை விழட்டும், பிறகு அறுத்துக்கொள்ளலாம். பார்த்தீனியத்தை மட்டும், மழை முடிந்த கையோடு, பூ எடுப்பதற்கு முன்னால், கையுறை போட்டுக்கொண்டு, மூக்கை மூடிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு வருடா வருடம் நான் வருகிறேன். பொன்னாடை வேண்டாம்.

இரண்டாவது: துறையில் ஒரு காய்க் காப்பகம் தொடங்க வேண்டும். ஹெர்பேரியம் தாளில் பூவோடு அழுத்திய செடிகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. காய்ந்த காய்கள் இல்லை. செலவு ஒன்றும் இல்லை, காலித் தீப்பெட்டி போதும். ஒரு பெட்டியில் ஒரு செடியின் காயும் விதையும். மேலே பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர். பெயர் தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதி வையுங்கள். ஊமத்தை என்று எழுதாதீர்கள். அடுத்த மழைக்கு அந்த விதையில் பாதியை ஒரு தொட்டியில் போட்டு, முளைத்துப் பூத்ததும் பெயரைத் திருத்திக்கொள்ளலாம். மூன்று வருடம் படிக்கும் ஒரு மாணவர் ஆண்டுக்கு இருபது பெட்டி சேர்த்தால், போகும்போது அறுபது செடிகளை எந்தப் பருவத்திலும் அடையாளம் சொல்லக்கூடியவராகப் போவார்.

முதல் ஆறு பெட்டிகளை நான் இப்போதே முதல்வர் அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். ஐந்தில் இன்று காலை எடுத்த காய்கள் இருக்கின்றன. ஆறாவதில் கிலுகிலுப்பை. அது நம் வளாகத்தில் எடுத்ததல்ல, எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் எடுத்தது. பெட்டியின் மேல் அப்படியே எழுதியிருக்கிறேன். அதில் நூறு விதைக்கு மேல் இருக்கும். ஐப்பசி முதல் மழைக்குக் கிணற்றோரம் தூவுவதற்குத் துறை மாணவர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்று நானும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் இருந்திருந்தால் முன் வரிசையில் உட்கார்ந்து, "நேரம் ஆச்சுப்பா" என்று கடிகாரத்தைக் காட்டியிருப்பார். ஆகையால் முடித்துக்கொள்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் தணிந்ததும், நான்கு மணிக்கு விடுதிப் பின்புறத்துக்கு மறுபடியும் போகப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். பெட்டியும் லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. வேட்டியில் வந்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள், நாயுருவி யாரையும் சும்மா விடாது.